துண்டு உலர்த்தும் டிரையருக்கு நீளமான டக்ட்: குழாய் வேலைக்கும் பூஸ்டர் விசிறிக்கும் ஓராண்டு மதிப்பீடு

இந்த மதிப்பீடு இரண்டு பொருள்களைப் பற்றியது. முதலாவது, ஓசூரில் தொழிற்சாலைகளுக்குக் காற்றுக் குழாய் செய்து தரும் ஒரு சிறு பட்டறை எங்கள் விடுதியின் டிரையருக்காக அமைத்துக் கொடுத்த 11 மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகர டக்ட், இரண்டாவது, காற்றை மேலும் தள்ளிவிடுவதற்காக அந்த டக்டின் நடுவே நாங்கள் பொருத்திய பூஸ்டர் விசிறி. சீலிங் பிரித்து மூடிய கூலியையும் சேர்த்தால் ஏறத்தாழ 47,000 ரூபாய் செலவாயிற்று. ஒரு விசிறி வாங்கி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தோடுதான் நான் இந்த வேலையைத் தொடங்கினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கிருஷ்ணகிரியில் பெங்களூரு சாலையை ஒட்டி, 14 அறைகள் கொண்ட விடுதி ஒன்றை என் அண்ணனும் நானும் நடத்தி வருகிறோம். படுக்கை விரிப்புகள் மொட்டை மாடிக் கொடியில் ஒரு மதிய வெயிலுக்குள் காய்ந்துவிடும். தடித்த குளியல் துண்டுகள் அப்படிக் காய்வதில்லை. காய்ந்தாலும் இப்பகுதியின் உப்புத் தண்ணீரில் துவைத்தவை அப்பளம் போல விறைத்துக்கொண்டு, நெடுஞ்சாலைத் தூசியையும் வாங்கி வைத்திருக்கும். அதற்காகத்தான் 7 கிலோ கொள்ளளவு கொண்ட, சூடான ஈரக் காற்றை வெளியே தள்ளும் வகை டிரையரை வாங்கினோம். அதை வைக்க இடம் கிடைத்தது மாடிப்படிக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில். அந்த அறைக்கு ஒரு பக்கம் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் ஒட்டி நிற்கிறது. இன்னொரு பக்கம் வரவேற்பறை. ஆகவே இயந்திரத்தைப் பொருத்த வந்தவர், சுருட்டி விரிக்கக்கூடிய அலுமினியத் தாள் குழாய் ஒன்றை நடைபாதையின் ஃபால்ஸ் சீலிங்குக்குள் விட்டு, வளைத்து வளைத்து, 15 மீட்டர் தள்ளியிருந்த பின்புறச் சந்தில் கொண்டுபோய் முடித்தார். அந்த வளைவுகள் ஆறு என்பது பிறகு எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை இந்த மாவட்டத்தை என்ன செய்தது என்பதை இங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த வாரம் கொடியில் ஒரு துணியும் போட முடியாமல், விரிப்பு முதல் கால்மிதி வரை எல்லாமே டிரையருக்குப் போயின. ஐந்து கிலோ துண்டுகள் காய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் சூடு மிஞ்சி இயந்திரம் தானாக நின்றும் போயிற்று. துணி துவைக்கும் அக்கா என்னைக் கூப்பிட்டு, அந்த அறையின் சுவரில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். சுவர் வியர்த்திருந்தது. வெளியே போக வேண்டிய ஈரம் போகாமல் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதை எங்கள் எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடித்தவர் அவர்தான்.

பழுது பார்க்க வந்தவரோ ஹீட்டர் பலவீனமாகிவிட்டது என்று சொல்லி, 4,700 ரூபாய்க்குப் புதிய ஹீட்டர் மாற்றினார். ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. அவர் போன பிறகு நான் செய்த சோதனையை எல்லோரும் ஹீட்டர் மாற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டும் என்பேன்: டிரையரின் பின்னாலிருந்து குழாயைக் கழற்றிவிட்டு, அறையின் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்து, ஒரே ஒரு சுற்று மட்டும் ஓட்டிப் பார்த்தேன். உலர்நிலையில் 5 கிலோ எடையுள்ள 11 துண்டுகள், பிழிந்து எடுத்தபின் 8 கிலோ இருந்தன. அவை 70 நிமிடங்களில் காய்ந்துவிட்டன. இயந்திரத்தில் குறை ஏதும் இல்லை, அதன் மூக்கில்தான் அடைப்பு என்பது அந்த ஒரு சுற்றில் தெளிவாயிற்று. அதன்பின் நடந்த எல்லா அளவீடுகளுக்கும் இதே 11 துண்டுகளையும் சமையலறைத் தராசையும் ஒரு 40 பக்க நோட்டையுமே பயன்படுத்தினேன்.

காற்று குறைந்தால் துணி ஏன் இவ்வளவு தாமதமாகக் காய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டிரையருக்குள் வெப்பம் தண்ணீரை ஆவியாக்குகிறது. அந்த ஆவியைச் சுமந்து வெளியேறுவது காற்று. வெளியேறும் வழி அடைத்திருந்தால், ஆவி நிறைந்த காற்று டிரம்முக்குள்ளேயே தங்கிச் சூடேறுகிறது. சூடு வரம்பைத் தொட்டதும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைக்கிறது. ஆறியதும் மறுபடி ஏற்றுகிறது. அடுப்பை அணைத்து அணைத்துச் சோறு வேகவைப்பது போன்றதுதான் இது. இதனால் நேரம் இரு மடங்கானாலும் மின்சாரம் இரு மடங்காவதில்லை. அடைப்பு இருந்தபோது எங்கள் துணை மீட்டரில் ஒரு சுற்றுக்கு 4.3 யூனிட் காட்டியது. துண்டுகளில் இருந்த 3 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டுமே ஏறத்தாழ 1.9 யூனிட் வேண்டும் என்பதால், ஹீட்டர் வைத்த டிரையரில் எவ்வளவு நல்ல டக்ட் போட்டாலும் அந்த அளவுக்குக் கீழே இறங்க முடியாது.

இணையத்தில் தேடியபோது இந்தச் சிக்கலுக்கென்றே பூஸ்டர் விசிறிகள் இருப்பதைக் கண்டு, அதைப் பொருத்தத் தெரிந்தவரைத் தேடித்தான் ஓசூர்ப் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த டக்ட் மாஸ்டர் தொழிற்சாலைகளின் தூசி உறிஞ்சும் குழாய்களை 20 ஆண்டுகளாகச் செய்பவர். வீட்டு டிரையரை முதன்முறையாக எங்களிடம்தான் பார்த்தாராம். ஏணியில் ஏறி, சீலிங் பலகை ஒன்றைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கினார். “சார், ஃபேனை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல இந்தப் பாம்பக் கழட்டணும்” என்றார்.

பாம்பு என்று அவர் சொன்னது பொருத்தமாகவே இருந்தது. தாள் குழாய் தொங்கிய ஒவ்வோர் இடத்திலும் வயிறு சரிந்து, அந்தச் சரிவில் தண்ணீர் தேங்கி, தண்ணீரில் துண்டிலிருந்து உதிர்ந்த பஞ்சு ஊறி, இட்லி மாவுப் பதத்தில் கிடந்தது. மார்கழி இரவுகளில் சீலிங்குக்குள் குளிர்ந்திருக்கும் குழாயைத் தொட்டதும் ஈரக் காற்று தண்ணீராக மாறிவிடுகிறது; சமமாகவோ வெளிப்பக்கம் சாய்வாகவோ இல்லாத குழாயில் அது எங்கும் வடிய வழியில்லை. சுவரைத் தாண்டி வெளியே முடியும் இடத்தில், கொசு வரக்கூடாதென்று நானே கட்டச் சொன்ன வலை இருந்தது. அது வலையாகவே இல்லை; சாம்பல் நிறக் கம்பளி போல முழுவதும் மூடியிருந்தது. குழாயிலிருந்தும் வலையிலிருந்தும் எடுத்ததைக் காய வைத்து நிறுத்தபோது ஒன்றே கால் கிலோ இருந்தது. பஞ்சு எவ்வளவு எளிதில் பற்றும் என்பதை விளக்குத்திரி திரித்த எந்தக் கையும் அறியும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான காலத்தை ஆராய்ந்து, அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்கு சுமார் 2,900 தீ விபத்துகள் துணி டிரையரால் நேர்வதாகவும், அவற்றில் 34 விழுக்காட்டுக்குச் சுத்தம் செய்யாமையே காரணம் என்றும் வெளியிட்டிருக்கிறது. பயணிகள் உறங்கும் அறைகளுக்கு அடியில் அந்த ஒன்றே கால் கிலோ கிடந்தது என்பதை நினைக்கும்போது இப்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

வலையை வெட்டி எறிந்து, பழைய குழாயையே கழுவி மாட்டியபோது 150 நிமிடங்கள் 120 ஆயின. ஒரு ரூபாய் செலவில்லாத அரை மணி நேரம் அது. ஆனால் அதற்கு மேல் குறையவில்லை.

அதன் காரணம் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். அமெரிக்க வீட்டுக் கட்டுமான நெறியின்படி டிரையரின் 4 அங்குல டக்ட், இயந்திரத் தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லாதவரை, அதிகபட்சம் 35 அடி இருக்கலாம். ஆனால் கூர்மையாகத் திரும்பும் ஒவ்வொரு 90 பாகை வளைவுக்கும் அதில் 5 அடியைக் கழிக்க வேண்டும். எங்களுடைய ஆறு வளைவுகளுக்கு 30 அடி போய்விட்டால், மிஞ்சுவது 5 அடி. சீலிங்குக்குள் இருந்ததோ 49 அடி. இதுவும் உள்பக்கம் வழுவழுப்பான உலோகக் குழாய்க்கு உரிய கணக்கு. மடிப்பு மடிப்பான தாள் குழாய்க்கு நிலைமை இன்னும் மோசம். அந்த நெறி சுவருக்குள்ளும் சீலிங்குக்குள்ளும் தாள் குழாயை அனுமதிப்பதே இல்லை. இயந்திரத்தையும் டக்டையும் இணைக்கும், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும், 8 அடிக்கு மிகாமல் வைத்துக்கொள்ளலாம். அதே நெறியில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. வளைவின் ஆரத்தை 6 அங்குலமாக்கி வழுவழுப்பாக வளைத்தால், ஒரு வளைவுக்குக் கழிக்க வேண்டியது 5 அடிக்குப் பதிலாக 1 அடி 9 அங்குலம் மட்டுமே. ஒரு தகர வளைவைக் கூர்மையாக மடிப்பதற்கும் பெரிதாக வளைப்பதற்கும் பட்டறையில் இருக்கும் விலை வேறுபாடு ஒரு பிரியாணி விலைகூட வராது.

மாஸ்டர் முதலில் பாதையைச் சுருக்கினார். கழிப்பறைகளைச் சுற்றிப் போன குழாயை, சாமான் அறையின் மேற்பரணை ஊடறுத்து நேராக விட்டதில் 15 மீட்டர் 11 மீட்டராயிற்று, ஆறு வளைவுகள் மூன்றாயின. நேரே மேலே கொண்டுபோய் மொட்டை மாடியில் முடிக்கலாமே என்று அண்ணன் கேட்டார். மூன்று மாடி ஏறும் குழாயும் ஏறத்தாழ அதே நீளம்தான் வரும் என்பதோடு, காற்று நின்றதும் பஞ்சும் தண்ணீரும் திரும்ப இயந்திரத்தின் தலையிலேயே விழும் என்பதால் மாஸ்டர் அதை ஏற்கவில்லை.

குழாய் எதில் போடுவது என்பதில் ஒரு நாள் வாதம் நடந்தது. எங்கள் பிளம்பர், 110 மி.மீ. பி.வி.சி. பைப் கைவசம் இருக்கிறது, பாதி விலையில் முடித்துவிடலாம் என்றார். இப்படிச் செய்திருப்பவர்கள் இந்த ஊரில் பலர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். கழிவுநீருக்காகச் செய்த குழாய், அன்றாடம் மணிக்கணக்கில் சூடான காற்றுக்கு ஏற்றதன்று; உலர்ந்த காற்று உரசும்போது அதில் நிலைமின்னூட்டம் ஏறிப் பஞ்சு ஒட்டிக்கொள்ளும்; எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே தீப்பிடித்தால் உலோகக் குழாய் கொஞ்ச நேரமாவது அதை உள்ளேயே அடக்கி வைக்கும், பி.வி.சி. தானும் சேர்ந்து எரிந்து நச்சுப் புகையைக் கக்கும். பிளம்பர் நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை.

போட்டது 26 கேஜ் ஜி.ஐ. தகரம். 4 அங்குலத்துக்குப் பதிலாக 5 அங்குலம் போட்டால் என்ன என்று நான் கேட்டேன், ஏனென்றால் ஒரே அளவு காற்றுக்கு, விட்டம் 4-லிருந்து 5 ஆனால் உராய்வால் வரும் அழுத்த இழப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். கணக்கு சரிதான், ஆனால் காற்றின் வேகமும் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும், வேகம் குறைந்தால் பஞ்சு பறக்காமல் குழாயின் அடியில் படியும் என்றார் மாஸ்டர். தூசி உறிஞ்சும் குழாய்களில் காலம் கழித்தவரின் பேச்சு என்பதால் 4 அங்குலத்திலேயே நின்றேன்.

வேலையின் தரம் எங்கே தெரிந்தது என்று கேட்டால், இணைப்புகளில் என்று சொல்வேன். ஒரு குழாய்க்குள் இன்னொன்று நுழையும்போது, நுழையும் முனை காற்று போகும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு சிறிய விளிம்பு எதிரே நின்று பஞ்சைப் பிடிக்கும். இதை மாஸ்டர் சொல்லாமலே செய்தார். ஆனால் அவர் அனுப்பிய பையன்கள், மாஸ்டர் இல்லாத ஒரு மதியம், நான்கு இணைப்புகளில் ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) அடித்துவிட்டார்கள். அவற்றின் வால்கள் உள்ளே முள் போல நீட்டிக்கொண்டு நின்றன. தொழிற்சாலை ஏ.சி. டக்டில் இது குற்றமன்று, டிரையர் டக்டில் இது பஞ்சு பிடிக்கும் தூண்டில். நான் டார்ச் அடித்துப் பார்த்திருக்காவிட்டால் சீலிங் மூடியிருக்கும். மாஸ்டர் மறுநாள் வந்து மறுபேச்சின்றி நான்கையும் கழற்றிப் புதுத் துண்டு போட்டு, கிளாம்பும் அலுமினிய டேப்பும் வைத்து முடித்தார். துணி டேப் வேண்டாம் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். சூட்டில் அதன் பசை காய்ந்து உதிர்ந்துவிடும். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு சென்டிமீட்டர் வெளிப்பக்கம் சாய்வு, ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் உறை, பரணில் கை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு ஆகியவை சொன்ன விலைக்குள்ளேயே அடங்கின.

தகரக் குழாய் மட்டும் மாட்டி, விசிறி இல்லாமல் ஓட்டியபோது 92 நிமிடங்களில் துண்டுகள் காய்ந்தன.

இந்த இடத்தில் யாரும் எதிர்பாராத ஒன்று குறுக்கே வந்தது. ஒரு நாள் 92 வருகிறது, மறுநாள் 85 வருகிறது, காரணம் புரியவில்லை. பின்னர்தான் அக்கா கதவைத் திறந்து வைத்த நாள்களில் குறைவாகவும், வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாதென்று மூடிய நாள்களில் அதிகமாகவும் வருவது தெரிந்தது. நிமிடத்துக்கு ஓர் அலமாரி நிறையக் காற்றை வெளியே தள்ளும் இயந்திரத்துக்கு, அதே அளவு காற்று உள்ளே வரவும் வழி வேண்டுமல்லவா? ஆசாரியை வரவழைத்து, கதவின் கீழ்ப்பாதியில் சாய்கட்டைகள் வைத்த காற்றுவழி ஒன்றை அமைத்தோம். கதவை மூடினாலும் திறந்தாலும் 86 நிமிடங்கள் என்று நிலைத்துவிட்டது. இவ்வளவு செலவிலும் மலிவான வேலை இதுதான்.

இனி விசிறிக்கு வருகிறேன். பெரிதாக வளைத்த மூன்று வளைவுகளைக் கழித்தால் 29 அடி 9 அங்குலம் வரை அனுமதி. எங்கள் டக்ட் 36 அடி. அந்த ஆறு அடி மிச்சத்துக்காக விசிறி வேண்டும் என்று வாதிடலாம், நானும் வாதிட்டேன். 18,500 ரூபாய்க்கு வாங்கினோம். குளியலறைக்கு விற்கும் 4 அங்குல இன்லைன் (குழாயின் நடுவே பொருத்தும்) விசிறி இதில் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம்: அவ்வகை விசிறிகளில் பலவற்றின் மோட்டார் காற்றோட்டத்தின் நடுவிலேயே இருக்கும், அது தாங்கும் வெப்பத்தின் வரம்பும் குறைவு, இறக்கைகளில் பஞ்சு சுற்றிக்கொண்டால் மோட்டார் திணறிச் சூடேறும். டிரையருக்கென்றே செய்த விசிறியில் சக்கரம் பஞ்சைச் சிக்கவைக்காத வடிவில் இருக்கிறது. டக்டுக்குள் அழுத்தம் ஏறுவதை உணரும் சுவிட்ச் ஒன்று, டிரையர் ஓடத் தொடங்கியதும் விசிறியைத் தானே இயக்குகிறது. வெளிநாட்டுக் கடைகளிலிருந்து வரவழைப்பவர்கள் மின்னழுத்தத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனெனில் அவற்றில் பல அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டவை. கையேடு சொன்னபடி இயந்திரத்திலிருந்து 15 அடி தள்ளி, பரண் திறப்புக்குப் பக்கத்தில் மாட்டினோம். எட்டாத சீலிங்குக்குள் மாட்டிய விசிறியை யாரும் சுத்தம் செய்யப் போவதில்லை.

விசிறி மாட்டிய பிறகு 86 நிமிடங்கள் 77 ஆயின. மின்சாரம் ஒரு சுற்றுக்கு 3.2 யூனிட்டில் நின்றது. விசிறி எடுப்பது 60 வாட் என்பதால் அது கணக்கில் பெரிதாகத் தெரியவில்லை. ஒன்பது நிமிடங்கள் குறைந்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை; நாளைக்கு நான்கு சுற்று ஓட்டும் எங்களுக்கு அது அரை மணி நேரத்துக்கும் மேல். ஆனாலும் வலையை வெட்டியது, தகரம் போட்டது, கதவில் வழி விட்டது என்ற மூன்றும் சேர்ந்து 64 நிமிடங்களைக் குறைத்த பிறகு, 18,500 ரூபாய்க்கு ஒன்பது நிமிடங்கள் என்பது விலை அதிகம்தான். இதே விசிறியைப் பழைய பாம்புக் குழாயில் மாட்டியிருந்தால் நேரம் நிறையவே குறைந்திருக்கும், நானும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன், பஞ்சு மாவு மட்டும் உள்ளேயே ஊறிக்கொண்டிருந்திருக்கும்.

விசிறியிடம் வேறு குறைகளும் உண்டு. முதல் வாரத்தில் மேலே இருக்கும் அறையில் தங்கிய வாடிக்கையாளர் ஒருவர், தலைமாட்டில் வண்டு ரீங்காரம் கேட்பதாகப் புகார் சொன்னார். விசிறிக்கும் கிளாம்புக்கும் இடையே ரப்பர் பட்டை வைத்த பின் அது நின்றது. அழுத்தச் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய குழல் பஞ்சால் அடைத்துக்கொண்டு, ஆகஸ்ட் மாதத்தில் விசிறி தொடங்குவதும் நிற்பதுமாக இருந்தது. ஊதிச் சுத்தம் செய்ததும் சரியாயிற்று. பழுது பார்க்கும் இடம் கிருஷ்ணகிரியிலும் இல்லை, தருமபுரியிலும் இல்லை, பெங்களூருக்குத்தான் அனுப்ப வேண்டும் என்கிறார்கள். வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை.

பட்டறையின் மீதும் சொல்ல இருக்கிறது. சொன்ன நாளுக்கு ஒன்பது நாள் பிந்தி வந்தார்கள். சீலிங் பலகைகளைப் பிரித்து மூடியவர்கள் வேறு வெள்ளையில் வண்ணம் அடித்துப் போனதால், நடைபாதையில் குழாய் போகும் பாதை இன்றும் கோடு போட்டது போலத் தெரிகிறது. பில் வாங்க மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பிறகு, இன்னொரு டிரையர் வாங்கினால் அந்த மாஸ்டரைத்தான் கூப்பிடுவேன்.

குழாய் முடியும் இடத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய வாய் மேற்குச் சுவரில் இருந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்று நேராக வாய்க்குள் புகுந்து டிரையரின் மூச்சைத் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. மாஸ்டர் சந்தின் திருப்பத்தைப் பயன்படுத்தி வாயை வடக்குச் சுவருக்கு மாற்றி, கீழ்நோக்கிய மூடியும், காற்று வந்தால் மட்டும் திறக்கும் ஒரு மடிப்புத் தகடும் வைத்தார், வலை கிடையாது. பல்லி, கொசு வருமே என்ற என் கவலைக்குத் தகடே விடையாயிற்று, அது ஒழுங்காக மூடும்வரை. ஜன்னலிலிருந்து 3 அடிக்கு மேல் தள்ளி இருப்பதால் ஈரம் எந்த அறைக்கும் திரும்பி வருவதில்லை. ஆடி மாதம் முழுவதும் தகடு இரவில் அடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தேன்; இரண்டு மூன்று இரவுகள் மட்டும் அடித்தது. பின்வீட்டு அம்மா தம் முருங்கை இலையெல்லாம் பஞ்சாக இருக்கிறது என்று ஒருமுறை சொன்னதற்குக் காரணம், இயந்திரத்தின் பஞ்சு வடிகட்டியை எங்கள் புதுப் பையன் மாட்டாமலே ஓட்டியது.

புதிதாக வீடோ விடுதியோ கட்டுபவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு, ஹீட் பம்ப் டிரையர் வாங்கினால் டக்டே வேண்டாமே என்று கேட்டால், அவர்கள் கேட்பது சரி. அது அதே காற்றைத் திரும்பத் திரும்பச் சுழற்றி ஈரத்தைத் தண்ணீராக வடித்துவிடுகிறது, மின்சாரமும் ஏறத்தாழப் பாதிதான் ஆகும். எங்களைப் போல நண்பகலில் அறை காலியாகி மாலைக்குள் அதே துண்டுகள் திரும்ப வேண்டியவர்களுக்கு, அது எடுக்கும் நேரம் ஒத்து வராது, விலையும் அதிகம். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு, வெளிச்சுவர் எட்டாத இடத்தில்தான் இயந்திரத்தை வைக்க முடியும் என்றால், நான் அதையே வாங்கச் சொல்வேன். வெறும் கண்டென்சர் வகையைப் பரிந்துரைக்க மாட்டேன், அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டாலும் சூட்டை அறைக்குள்ளேயே விடும்.

டக்ட் வேலைக்கு நான்கரை நட்சத்திரம், விசிறிக்கு மூன்று. இந்த மூன்றைக்கூட நான் கொஞ்சம் தாராளமாகக் கொடுத்தேனோ என்ற ஐயம் ஐப்பசியில் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரண் திறப்பு வழியாகக் குழாயையும் விசிறியையும் துடைப்பது எங்கள் வழக்கம். அப்படித் திறந்தபோது விசிறி ஓடவில்லை, வயரை எலி கடித்திருந்தது. எப்போதிருந்து நின்றிருக்கும் என்று அக்காவிடம் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, அண்ணனுக்கும் தெரியவில்லை. நோட்டைப் புரட்டினால், 11 நாள்களுக்கு முன்பிருந்து 77 என்ற எண்கள் 85, 87, 86 என்று மாறியிருந்தன. அந்த நாள்களிலும் மாலை நான்கு மணிக்கு எல்லா அறைகளிலும் காய்ந்த துண்டு இருந்திருக்கிறது.